எழுபது மாமாவும் கீறல் விழுந்த வெள்ளி ரூபாயும்

எழுபது மாமாவிடம் எழுபது புள்ளி வாங்கிய மனிதரோ மீனோ பலகாரமோ லிங்கநகரில் இல்லை. பழைய காசு சேர்ப்பவர்கள் காசின் தரத்தை எழுபதுக்குத்தான் அளப்பார்களாம். மாமா அதே கணக்கில் உலகத்தையே அளந்தார். காலைக் கடற்காற்று அறுபத்திரண்டு. தபால்காரரின் மணி நாற்பது. மீன்காரர் பாரையைத் தூக்கிக் காட்டினால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிச் செவுளைப் பார்த்து, "ஐம்பது. இது நேற்றையான் மீன்" என்பார்.

"ஐயா, நான் மீன் விக்க வந்தனான், சோதினை எழுத வரேல்லை" என்று மீன்காரர் சைக்கிளைத் திருப்புவார்.

என் தேங்காய்ப்பால் சொதிக்கு எப்போதும் ஐம்பத்தெட்டு. "உப்பு கூடிப்போச்சு, பிள்ளை." ஆனால் கிண்ணம் வழித்துத் துடைத்துத்தான் திரும்பி வரும்.

துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார், மகள் கனடாவில். அடுத்த வீட்டில் நானும் கைக்குழந்தையும். என் கணவர் கட்டாரில். பல நாள்களில் நான் முகம் பார்த்துப் பேசிய ஒரே பெரிய ஆள் அவர்தான்.

"வீட்டைப் பூட்டிப்போட்டு வாங்கோ அப்பா" என்று மகள் தொலைபேசியில் கெஞ்சுவாள். "காசுக்கு நம்பர் வரட்டும், வாறன்" என்பார் மாமா. அது ராசா தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய். ராசாவின் கன்னத்தில், காதிலிருந்து வாய்வரை ஒரு கீறல். அதைக் காசுக்குப் புள்ளி போடும் வெளிநாட்டுத் தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பக் கணினியில் படிவம் நிரப்புவது என் வேலை.

முதல் நிறுவனம் காசைக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் திருப்பி அனுப்பியது: 'அசல். கீறல் உண்டு. புள்ளி இல்லை.'

"கீறல் எனக்குத் தெரியாதோ? நிறுவனத்தை மாத்துவம்!" என் குசினிக்குள் வந்து அம்மிக்குழவியைத் தூக்கினார். முதல் அடியில் காகங்கள் பறந்தன. இரண்டாவதில் என் மகள் எழுந்து அலறினாள். ஐந்தாவதில் பெட்டி பிளந்தது. "பெட்டிக்கு அறுபத்தெட்டு" என்றார், மூச்சு வாங்க.

காசு கறுத்திருந்தது. அனுப்புவது நான், அழுக்காக அனுப்பினால் என்னையல்லவா குறை சொல்வார்கள்? புளியும் திருநீறும் போட்டு, குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலத் தேய்த்து அனுப்பினேன். இரண்டாவது நிறுவனம் எழுதியது: 'கீறல் உண்டு. துலக்கப்பட்டது. புள்ளி இல்லை.' பழைய காசைத் துலக்கவே கூடாது என்று அதற்குப் பிறகுதான் படித்தேன்.

"ஆர் துலக்கினது? நாற்பது வருசமா நான் ஒரு துணி படவிடேல்லை! அவங்கள்தான் துலக்கியிருக்கிறாங்கள். மூண்டாவது ஆக்களிட்டைப் போவம், பிள்ளை!"

நான் துலக்கியதைச் சொல்லாமல் மூன்றாவது படிவத்தைத் திறந்தேன். தெரியாமல்தான் செய்தேன். ஆனால் நம்பர் வரவில்லை என்றதும் மனதுக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அது எப்படிப்பட்ட மனம்?

அந்த மாதம் என் மகளுக்குப் பல் முளைத்தது. தலையில் பல்லுக்கொழுக்கட்டை சொரிந்து, தட்டில் புத்தகமும் பேனையும் காப்பும் வைத்து, பிள்ளை எதை எடுக்கிறது என்று பார்க்கும் நாள். வந்த ஒரே விருந்தாளி மாமா. அவர் இரண்டாவது நிறுவனத்தின் பெட்டியையும் உடைத்து எடுத்திருந்த தன் காசையும் தட்டில் வைத்தார். மகள் புத்தகத்தைத் தள்ளினாள். காசைப் பிடித்தாள். வாயில் போட்டுவிடுவாளோ என்று நான் பாய்வதற்குள், அதைச் சீமெந்துத் தரையில் கிறீச்சென்று இழுத்துவிட்டாள்.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "என்ர மகளும் இப்பிடித்தான் இழுத்தவள். இவளைப்போலத்தான், ஒற்றைப் பல்லோடை."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "மாமா, காசைத் துலக்கினது நான்தான்" என்றேன்.

"தெரியும். ராசாவின்ர காதுக்குள்ளை திருநீறு இருந்தது. வெள்ளைக்காரன் திருநீறு போட்டோ துலக்குவான்?"

"பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"சொன்னா, நீர் மூண்டாவது ஃபோம் நிரப்ப வந்திருப்பீரோ?"

அந்தப் படிவம் இன்னும் என் கணினியில் பாதியில் நிற்கிறது. மாமாவின் மகளே நேரில் வந்து அவரை அழைத்துப் போய்விட்டாள். இரண்டு கீறலோடு காசும் போயிற்று. கனடாப் பனிக்கு முப்பத்தைந்து என்று தொலைபேசியில் சொன்னார்.

அடுத்த வீடு பூட்டிக் கிடக்கிறது. நான் இப்போதும் சொதிக்கு உப்பைக் கொஞ்சம் கூடத்தான் போடுகிறேன்.