மைக் செட்டுக்கு ஜுரம்

ஒரு சாமான் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத ஒரு ரகம் மனிதர் உண்டு. அவரைத்தான் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம். உடைந்ததை ஒட்டிக் கொடுக்கிறவர் வேறு. அவர் பிழைப்புக்காகச் செய்கிறார், பாவம், அவரை விட்டுவிடுவோம். நம்முடைய ஆளுக்கு உடைந்த சாமானில் ருசி கிடையாது. கடிகாரம் மணியைச் சரியாகக் காட்டினால், 'இதெப்படி இவ்வளவு சரியாகக் காட்டுகிறது?' என்று சந்தேகப்பட்டு அதன் முதுகைத் திறப்பார். கிணற்று ராட்டினம் சத்தமில்லாமல் சுற்றினால் எண்ணெய் விட்டுச் சத்தம் வரவழைப்பார். விருந்துக்குப் போன வீட்டில் பெட்டிப் பூட்டைக் கண்டால், 'கொஞ்சம் இறுக்கமா இருக்குதே' என்று தளர்த்திக் கொடுத்து, அது அப்புறம் பூட்டவே பூட்டாது என்று தெரிந்ததும், 'நல்ல வேளை, நான் பாத்தேன்' என்று வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். வேலை முடிந்த பிறகு கையில் இரண்டு திருகாணி மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் அவருக்கு மனசு ஆறாது.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில், பாகூர்ப் பக்கத்தில் இந்த ரகத்துக்குத் தலைவராக இருந்தவர் ஆதிமூலம். ஏரிப் பாசனத்தில் நல்ல நிலம் இருந்தது. ஆனால் பயிரில் அவருக்கு நாட்டமில்லை. கரும்பு அது பாட்டுக்கு வளர்கிறது. அதில் திறந்து பார்க்க என்ன இருக்கிறது? மாடு சுற்றும் கரும்பாலை ஒன்று இருந்தது. அதை அவர் திறந்து பார்த்து மூடிய நாளிலிருந்து மாடுகள் எதிர்ப்பக்கமாகச் சுற்றினால்தான் சாறு இறங்கியது. இதெல்லாம் வீட்டளவில் நடந்த சேவை. அவர் பெயர் ஊர் தாண்டிப் போனது மைக் செட்டால்.

அந்த நாளில் மைக் செட் என்றால் புதுச்சேரியிலிருந்து மாட்டு வண்டியில் வைக்கோல் மேல் படுத்துக்கொண்டு வரும். கூடவே அதன் சொந்தக்காரர் மரியதாஸ், அதைவிட ஜாக்கிரதையாக உட்கார்ந்துகொண்டு வருவார். ஒரு மைக், பாட்டுக்கு ஒரு கிராமபோன், ஒரு தகரப் பெட்டி, அதற்குள் வால்வு என்று சொல்லப்படும் கண்ணாடிக் குமிழ்கள், கரண்டுக்கு மோட்டார் கார் பேட்டரி, மூங்கிலில் கட்டித் தூக்குவதற்கு ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த ஒரு பெரிய குழாய். இவ்வளவுதான் செட். சுவிட்சைப் போட்டதும் அது பேசாது. வால்வு மெல்லச் சூடேறிச் சிவந்தால்தான் வாய் திறக்கும். அதுவரை மனிதன் பேசாமல் இருக்க வேண்டும். இதில் வித்தை ஒன்றுமில்லை. ஆனால் பேசாமல் இருப்பது எல்லோருக்கும் வருகிற காரியமா?

முதல்முதலாக ஊர்த் திருவிழாவுக்கு அந்தச் செட் வந்தபோது, மரியதாஸ் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சத்தமில்லை. ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆதிமூலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னாபா, ஊமையாட்டம் நிக்குது?"

"இருங்க முசே, பேசும்" என்றார் மரியதாஸ், 'ஐயா'வுக்குப் பிரெஞ்சில் மரியாதை கொடுத்து.

"சொம்மா நின்னா எப்படிப்பா பேசும்? உள்ள காத்து அடைச்சிக்கினு இருக்கும். நவுரு."

குழந்தைக்கு ஜுரம் பார்ப்பதுபோலப் பெட்டியின் மேல் புறங்கையை வைத்தார். காதை ஒட்டிக் கேட்டார். ஒயரைப் பிடித்து ஆட்டினார். ஒரு முறை ஊதினார். கடைசியில், 'பேசு' என்று அதட்டி உச்சியில் ஒரு குட்டு வைத்தார். அந்த நேரம் பார்த்து வால்வு சூடேறியது. செட் கரகரவென்று தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தது. திருவிழாக் கூட்டம் சாமியை விட்டுவிட்டு ஆதிமூலத்தைப் பார்த்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? எந்த ஊரில் மைக் செட் இறங்கினாலும் ஆதிமூலத்துக்கு முன்கூட்டியே வண்டி வந்துவிடும். புறங்கை, காது, ஒயர், ஊதல், குட்டு. அவர் வரிசை மாறாமல் செய்து முடிப்பதற்கும் வால்வு சூடாவதற்கும் நேரம் ஒத்துப்போய்விடும். ஒரு தடவைகூடத் தவறவில்லை. குட்டு இல்லாமலே அது பேசும் என்று மரியதாஸ் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தார். ஊராட்சித் தலைவரான கொம்யூன் மேரிடமே முறையிட்டார். "நீ குட்டாமலே பேச வெச்சிடுவியா? இத்தனை நாளா வெளிய சொல்லிக்கவே இல்லியே! நல்ல அடக்கமான ஆளுய்யா நீ" என்று மேர் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆதிமூலம் ஊரை ஏமாற்றவில்லை. தன் குட்டில் ஏதோ இருக்கிறது என்று ஊரைவிட அதிகமாக நம்பியவர் அவர்தான். ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

இப்படியிருக்கையில் அவருடைய ஒரே பெண் சாரதாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் கரியமாணிக்கம். நல்ல பையன், நல்ல குடும்பம். ஒரே ஒரு சங்கடம், மாப்பிள்ளையின் தாத்தா குழந்தைவேல். கெட்டிமேளம் கொட்டியதும் வீட்டுக்கு மூத்தவர் அதைக் காதால் கேட்டு, கையைத் தூக்க வேண்டும். தூக்கிய பிறகுதான் தாலி. அது அந்த வீட்டு வழக்கம். பெரியவருக்கோ காது சுத்தமாகக் கேட்காது. ஜாடை காட்டினால் தூக்க மாட்டார். கேட்காததைக் கேட்டேன் என்று அக்கினி முன்னால் பொய் சொல்வதா என்பார். பெரிய பேரன் கல்யாணத்தில் தவில்காரரை அவர் காதுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்து அடித்துப் பார்த்தார்கள். "காத்து வருது. சத்தம் வர்ல" என்றார். முகூர்த்தம் போய், ராகு காலத்தில்தான் தாலி ஏறியது. அந்த மருமகள் வந்த பிறகு மாடு பால் வற்றியதற்கும் மழை பொய்த்ததற்கும் அதுதான் காரணம் என்று வீட்டில் இன்றைக்கும் அவளைக் குத்திக் காட்டுகிறார்கள்.

எனவே மாப்பிள்ளை வீட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: மைக் செட் வைக்க வேண்டும், குழாயைப் பெரியவருக்கு நேராகத் திருப்ப வேண்டும்.

சாரதாவின் தாயார் தாயாரம்மாளுக்கு அன்றையிலிருந்து தூக்கம் போயிற்று. பயம் பெரியவரைப் பற்றி அல்ல. கற்பூரம் ஏற்றி, புருஷனை அதன் முன்னால் நிறுத்தினாள்.

"அந்தப் பொட்டி பக்கம் போவ மாட்டேன்னு சொல்லு."

"போவ மாட்டேன்."

"தொட மாட்டேன்னு சொல்லு."

"கெட்டுப்போனா ஒழியத் தொட மாட்டேன்" என்று சொல்லிக் கற்பூரத்தை அணைத்தார்.

சிக்கலெல்லாம் அந்த 'ஒழிய'வில் இருந்தது.

கல்யாணத்தன்று காலையில் ஆதிமூலம் சம்பந்தி வீட்டாரை எதிர்கொண்டு அழைக்கப் போயிருந்தார். திரும்பி வரும்போது பந்தலிலிருந்து நாதஸ்வரம் நாலு மடங்காகக் கேட்டது. செட் அருமையாகப் பேசிக்கொண்டிருந்தது. அவர் இல்லாமல். குட்டு இல்லாமல். ஆதிமூலத்துக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற அன்று தகப்பனுக்குக் கண் கலங்குவது வழக்கம்தான். ஆனால் அவர் கண் கலங்கியது மணவறையைப் பார்த்து அல்ல.

நேரே பெட்டியண்டை போய்த் தலையைச் சாய்த்து நின்றார். இந்த ரகம் நிற்கும் அழகைக் கவனியுங்கள்: ஒரு கை இடுப்பில், ஒரு புருவம் மேலே.

"பேசுது. ஆனா நெஞ்சடைச்சிக்கினு பேசுது" என்றார்.

"நல்லாதானே பேசுது முசே" என்றார் மரியதாஸ்.

ஆதிமூலம் தகட்டு ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார். வால்வுகள் தணல் மாதிரி சிவந்திருந்தன. புறங்கையை வைத்தார். சுட்டது.

"அடப்பாவி! இம்மாம் ஜொரத்தோட வேல வாங்கிக்கினு இருக்கியே!"

"முசே, அது சூடாத்தான் இருக்கணும். சூடு இல்லன்னா பேசாது."

"மனுசனுக்கே உஷ்ணம் ஆவாது. கண்ணாடிக்கு ஆவுமா? நீ போயி எலயில குந்து. பொங்கல் ஆறுது."

மரியதாஸ் விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பொங்கல் வாசனை வந்தது. அவர் போனது தப்புதான். ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே!

உஷ்ணத்துக்கு நம் ஊரில் என்ன செய்வோம்? சந்தனம் பூசுவோம். வரவேற்புத் தட்டில் பன்னீர் விட்டுக் கரைத்த சந்தனம் குளுகுளுவென்று காத்திருந்தது. ஆதிமூலம் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து, பெட்டியின் மூடியைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய வால்வின் நெற்றியில் ஆசையாக அப்பினார்.

பட்.

நாதஸ்வரம் நாலு மடங்கிலிருந்து ஒரு மடங்குக்கு இறங்கியது.

ஆதிமூலம் கலங்கவில்லை. இப்போது செட் நிஜமாகவே கெட்டுவிட்டதால், கற்பூர சத்தியத்துக்கும் பழுதில்லை. சத்தம் குழாயில்தான் சிக்கியிருக்க வேண்டும் என்று தீர்மானித்து, அதை மூங்கிலிலிருந்து இறக்கி, பின்னால் சத்தம் பிறக்கிற டப்பியைக் கழற்றி, துண்டால் உள்ளே துடைத்தார். துடைத்த பிறகு மாட்டத் தெரியவில்லை. அந்த நேரம் மணவறையிலிருந்து ஐயர் கையை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார்.

மேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். எல்லோரும் குழந்தைவேலைப் பார்த்தார்கள். பெரியவர் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஐயர் மறுபடியும் கத்தினார். மேளக்காரர் வேர்த்து விறுவிறுக்க அடித்தார். பெரியவர் விசிறியால் விசிறிக்கொண்டார். சாரதா தலை குனிந்தபடியே அழ ஆரம்பித்தாள். ராகு காலத்தில் தாலி ஏறிய மருமகள் கதை அவளுக்கும் தெரியும்.

மரியதாஸ் எச்சில் கையோடு ஓடி வந்து பெட்டிக்குள் பார்த்தார். "போச்சி! வால்வு போச்சி! வேற வால்வு புதுச்சேரியிலதான் இருக்குது. வண்டி போயி வர சாயங்காலம் ஆவும்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆதிமூலத்துக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. கழற்றிய குழாயைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு பெரியவரிடம் ஓடினார். காலில் விழலாம், கையைப் பிடித்துத் தூக்கிவிடலாம், ஏதாவது செய்யலாம் என்று எண்ணம். குழந்தைவேல் அவரைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்தார். காலையிலிருந்து அவருக்கு அதன்மேல் ஒரு கண். வெடுக்கென்று வாங்கி, தட்டினார். திருப்பினார். விளிம்பைச் சுரண்டிப் பார்த்தார். 'எங்கியோ ஒட்டு விட்டுக்கினு இருக்குது' என்பதுபோல ஒரு புருவத்தை உயர்த்தினார். ஆமாம், அவரும் அந்த ரகம்தான். சோதித்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று ஓட்டை சிறுத்த பக்கத்தைக் காதுக்குள் செருகிக்கொண்டார்.

அதே சமயம் விரிந்த பக்கத்துக்கு நேராகத் தாயாரம்மாள் வந்து சேர்ந்தாள்.

"ஏய்யா! உன் கையில கொள்ளி வைக்க! பெத்த பொண்ணு கண்ணாலத்துலயும் உன் புத்தி போவலியா? தொட மாட்டேன்னியே, கற்பூரம் அணைச்சியே, எம் பொண்ணு காலத்துக்கும் பேச்சு வாங்கவாய்யா உன்னைக் கட்டிக்கினு வந்தேன்!"

பெரியவர் திடுக்கிட்டார். கண் விரிந்தது. முகம் முழுக்கச் சிரிப்புப் பரவியது.

"கேக்குது!" என்று கூவி, கையை வானத்துக்குத் தூக்கினார்.

மாப்பிள்ளை ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. முகூர்த்தத்துக்குள் தாலி ஏறியது. தாயாரம்மாள் திட்டுகிற வாய் மூடாமலே அழுதாள். நல்ல அழுகை. சாப்பாட்டுப் பந்தியில் குழந்தைவேல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "கெட்டிமேளம்னா இதுதான்யா! இந்தக் காலத்துல இப்படி யாரு வாசிக்கிறாங்க?"

ஆதிமூலம் திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? எதற்குத் திருந்த வேண்டும்? குழாயைக் கழற்றியது யார்? கழற்றாமல் இருந்திருந்தால் பெரியவர் காதில் செருகியிருக்க முடியுமா? ஊரும் அப்படித்தான் பேசிக்கொண்டது. செட்டே செத்துப்போன பிறகும் சத்தம் வரவழைத்தவர் என்று பெயர் இன்னும் பெருகி, வில்லியனூர் வரைக்கும் அவரைத் தேடி வண்டி வந்தது. மரியதாஸ் மட்டும் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கினார். அது கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று ஆதிமூலம் அடுத்த திருவிழாவிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உட்கார்ந்திருக்கிற நாற்காலி இலேசாக ஆடுகிறது என்று இப்போதுதானே கவனித்தீர்கள்? கால் அண்டை குனிந்து பார்க்க வேண்டும்போல இருக்கிறதா? இத்தனை வருஷம் அது ஆடிக்கொண்டுதான் உங்களைத் தாங்கியிருக்கிறது. இல்லை, நீங்கள் கேட்க மாட்டீர்கள். முட்டுக் கொடுக்கக் காகிதம் தேடுகிற கை, தயவுசெய்து, இந்தப் பக்கத்தை மட்டும் கிழிக்காமல் இருக்கட்டும்.