பேரனுக்கு எடுத்துவைத்த பெயர்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். அனைவரும் என்று எழுதியதில் என்னைச் சேர்க்கவில்லை. அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் என் மருமகளும் பச்சைக் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கூப்பிட்டால் குழந்தை தலையைத் திருப்புகிறான் என்று மகன் சொன்னான். என்னவென்று கூப்பிட்டார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பெயர் தேடும் வேலையை மருமகள் என்னிடம் ஒப்படைத்தது தாங்கள் அறிந்ததே. அவள் வகுப்பில் அவள் பெயரிலேயே நான்கு பெண்கள் இருந்ததும், ஆசிரியை அவளை 'மூணாவது' என்றே கூப்பிட்டதும், ஓட்டப்பந்தயத்தில் இவள் ஜெயித்த பரிசை அதே பெயருள்ள 'முதலாவது' மேடையேறி வாங்கிக்கொண்டு போனதும் என்னைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். "என் பையனைக் கூப்பிட்டா அவன் மட்டும்தான் திரும்பணும் மாமா. நீங்க பாத்து வைங்க, உங்களைத்தான் நம்பியிருக்கேன்" என்றாள். என்னை அப்படி யாரும் நம்பியதில்லை. பால் வாங்கப் போனால்கூட என் மனைவி பின்னாலேயே போன் செய்து சரிபார்ப்பாள். ஆகவே அகராதியை முதல் எழுத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, கேலிக்கு இடம் தருவதைத் தள்ளி, தெரிந்தவர் வீடுகளில் இருப்பதைத் தள்ளி, கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பழைய சொல், நல்ல பொருள், எவரும் வைத்ததாகத் தெரியவில்லை. அவளிடம் போனில் சொன்னபோது மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நாள் குறித்துப் பெயர் வைக்கும்வரை நம் இருவருக்குள் இருக்கட்டும் என்று அவளிடம் சொன்னவன் நான்தான். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. இனி மறைத்து என்ன பயன் என்றாலும் கை கூசுகிறது.

பணியில் இருந்த காலமெல்லாம் நூலகத்தில் 'அமைதி காக்கவும்' என்ற பலகையின் கீழே உட்கார்ந்திருந்தவன் நான். யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை; கழிப்பறை எங்கே என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவனிடம் தெருமுனை மருந்துக்கடைக்காரர் இருமல் மருந்தை நீட்டிக்கொண்டே, பேரனுக்கு என்ன பேர் சார் என்று கேட்டார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் சொன்னேன். அவர் கண் விரிந்து, அர்த்தம் என்ன என்றார். அர்த்தமும் சொன்னேன். மருந்து வாங்க நின்ற நேரத்தில் என்னை ஒரு மனிதர் ரசித்துக் கேட்டது எனக்குப் போதையாகிவிட்டது என்று நினைக்கிறேன். அவர் வாக்குத் தவறவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் பிறந்த தன் மகனுக்கு வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

அதோடு வாயைக் கட்டியிருக்கலாம். குளியலறைக் குழாய் பார்க்க வந்த பிளம்பர், குனிந்தபடியே அதே கேள்வியைக் கேட்டார். குனிந்திருப்பவர் கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை என்று தோன்றிற்று. அடுத்த வாரம் அவருடைய புது வண்டியின் பின்பக்கம், பூ போட்டு, வாசலிலிருந்தே படிக்கும் அளவில் நம் பேரனின் பெயர். அழிக்க முடியுமா என்று கேட்கத்தான் போனேன். "உங்க வாய்ராசி சார், வண்டி எடுத்ததுலேர்ந்து வேலை குமியுது" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வாழ்த்திவிட்டுத் திரும்பினேன்.

மூன்றாவது விஷயத்தை எழுதுவதற்குள் இரண்டு முறை தண்ணீர் குடித்துவிட்டேன். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாள் மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேட்டார். வீட்டுக்காரர் கேட்கும்போது வாடகைக்கு இருப்பவன் எப்படி வாயை மூடிக்கொள்வது? சொன்னேன். மறுநாள் காலையில் அந்தப் பெயர் வாசலில் சத்தமாகக் கேட்டது. கூடவே, செருப்பைக் கடிக்காதடா என்ற அதட்டலும். நாய்க்குட்டி வாங்கியிருக்கிறார். தொட்டில் கட்டப்போகும் ஜன்னலுக்கு நேர் கீழேதான் அது படுத்துக்கொள்கிறது.

அதற்கு வேறு மூன்று பெயர்களைப் பொருளோடு தயார் செய்துகொண்டு கீழே போனேன். அந்த அம்மாள் மறுக்கவில்லை, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தார். நாய் அசையவில்லை. பிறகு பழைய பெயரைச் சொன்னார். அது ஓடிவந்து என் காலை நக்கிற்று. "பாருங்க, அவனுக்கே பிடிச்சுப்போச்சு. இந்த மூணும் நல்லாத்தானே இருக்கு, இதுல ஒண்ணைப் பேரனுக்கு வச்சுக்கோங்களேன்" என்றார். பதிலுக்கு நன்றி என்று சொல்லிவிட்டு மாடியேறினேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்னும் புரியவில்லை. "ஊருக்கெல்லாம் பேர் வச்சாச்சு, நம்ம வீட்டுப் பிள்ளைதான் பாக்கி" என்று என் மனைவி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொல்வதில் தவறு காண முடியவில்லை.

ஆகவே சம்பந்தி, இந்தப் பொறுப்பிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன். தாங்களே ஒரு பெயரைப் பார்த்து வையுங்கள். என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள். நடந்ததை மருமகள் சாப்பிட்ட பிறகு, மனசு நல்ல நிலையில் இருக்கும்போது, தாங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அவள் என்னைக் கோபித்துக்கொண்டால் தாங்கிக்கொள்வேன். நம்பினேனே மாமா என்று கேட்டுவிட்டால்தான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். குழந்தைக்கு என் ஆசிகள். எந்தப் பெயரில் கொடுப்பது என்று தெரியாததால் பொதுவாகக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்த தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று காலையில் மருமகள் போன் செய்தாள். "ஒரு தப்புப் பண்ணிட்டேன் மாமா, திட்டாதீங்க" என்று அழுகை. பெயரைக் கேட்ட சந்தோஷத்தில் அன்றே தன் தோழியான மருந்துக்கடைக்காரர் மனைவிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாளாம், அந்தப் பெண் தன் மகனுக்கு வைத்துவிட்டதாம். என்னிடம் சொல்ல இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தாளாம். "இருந்தாலும் எனக்கு அந்தப் பேருதான் வேணும் மாமா. நான் மூணாவதா இருந்தேன், இவன் ரெண்டாவதுதானே. வேற யாருக்கும் இல்லல்ல?"

"மனுஷங்கள்ல வேற யாருக்கும் இல்லம்மா" என்றேன். இது பொய்யில்லை.

பிறகு அவளைப் பெரிய மனதோடு மன்னித்தும் விட்டேன். உங்க மனசு யாருக்கும் வராது மாமா என்றாள். ஆகவே மேலே எழுதியது எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம், படித்ததும் கிழித்துவிடுங்கள். நானே கிழித்திருப்பேன், தபால்தலை ஒட்டிவிட்டேன். யாராவது ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும் என்றும் தோன்றியது.

இன்னொன்று. அவளை இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கார அம்மாள் இல்லாத நேரமாகப் பார்த்து, பையில் பிஸ்கட்டோடு கீழே போய் நாய்க்குட்டியை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்குகிறேன். இன்று ஒரு காதை மட்டும் தூக்கினான்.