யப்பான் வயல்வரம்பில் ஓர் அரோகரா

அன்புள்ள யோகராணி மாமிக்கு,

உங்கள் மருமகள் நிலாணி வணக்கத்துடன் எழுதுவது. அப்பாவும் நானும் யப்பானில் இருந்து முந்தநாள் சுகமாகக் கனடாவுக்கு வந்து சேர்ந்தோம். சுகம் என்பதை அப்பாவின் இடுப்பை விட்டுவிட்டு வாசியுங்கள். அபிஷன் அண்ணா அங்கேயே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் படிப்பித்துக்கொண்டு நலமாக இருக்கிறான். உங்களுக்கும் மாமாவுக்கும் கடையின் எண்ணெய்ச் சட்டிக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று வேண்டுகிறேன்.

இனி விஷயம். நாங்கள் புறப்படுவதற்கு முதல்நாள், கடையின் முன்கவுண்டரில் என்னை நிறுத்தும்படி அப்பா உங்களைக் கேட்டார். நீங்கள் ரோல்ஸ் தட்டைக் கையில் பிடித்தபடி, "உவளோ? உவளின்ர வாய்க்கு ஸிப் பூட்டியெல்லோ கிடக்கு! கஸ்ரமருக்கு உவள் ஒரு பதில் சொல்லி முடிக்க ரோல்ஸ் ஐஸாப் போயிடும். வேலை கேட்டு வந்த மெலிசாவைப் போடப்போறன்" என்றீர்கள். நான் பின்னால் மாவு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் நீங்கள் அடுப்படிக்குப் போய்விட்டீர்கள். உங்களில் பிழை இல்லை. வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொல்கிறார்கள் என்பதற்காகவே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனாலும், மெலிசாவுக்கு முடிவு சொல்வதற்கு முன்னர் இந்தக் கடிதத்தை முழுதாக வாசித்துவிடுங்கள்.

அண்ணா இருக்கும் ஊரில் வீடுகளைவிட வயல்கள்தான் அதிகம். அந்த வயல்களுக்கு நடுவில், நாலைந்து பெரிய மரங்களுக்குக் கீழே, ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. யப்பான்காரரின் பழைய சாமிகளுக்கான ஷின்டோ கோயில் என்று சொல்வார்களாம். கல்லில் ஒரு வாசல், வைக்கோலில் முறுக்கிய தடித்த கயிறு, ஒரு மணி, அவ்வளவுதான். நாங்கள் போன அன்று அங்கே திருவிழா. சாமி தூக்க வந்த ஆட்களைப்போல அண்ணாவும் நீல அங்கி போட்டிருந்தான். கோயிலைக் கண்டதும் அப்பா தன் வேலையைத் தொடங்கிவிட்டார். கை கழுவுவதற்காக வைத்திருந்த கல்தொட்டியில் மூங்கில் அகப்பையால் தண்ணீர் அள்ளி இரண்டு காலையும் தேய்த்துக் கழுவினார். பிறகு போட்டிருந்த சேட்டைக் கழற்றி இடுப்பில் கட்டினார். அண்ணா ஓடிவந்தான்.

"அப்பா, ப்ளீஸ்! இஞ்ச ஒருத்தரும் சேட் கழட்டுறேல்ல!"

"கோயிலுக்கை சேட்டோட போறதோ? கனடாவுக்கு வந்து உனக்கு எல்லாம் மறந்துபோச்சு."

"இது யப்பான், அப்பா!"

"எங்கையெண்டாலும் சாமி சாமிதானே. அந்த ஐயரைக் கூப்பிடு, உன்ர பேரில ஒரு அர்ச்சனை செய்விப்பம். நட்சத்திரம் பூரட்டாதி எண்டு மறக்காமல் சொல்லு."

ஐயர் வரவில்லை. நீல அங்கிக் கிழவர்கள் கூட்டமாக வந்தார்கள். அந்த ஊரின் இளம் ஆட்கள் எல்லோரும் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். சாமியைத் தடிகளில் ஏற்றி, தோளில் தூக்கி, வயல்வரம்பால் ஊரைச் சுற்ற வேண்டும். அதற்கு ஓர் ஆள் குறைவு. அதனால் இந்த முறை சாமி சின்ன லொறியில் போகட்டும் என்று முடிவெடுத்து, லொறியும் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து வெறும் மேலோடு அப்பா! அங்கி மாட்டிச் சாமி தூக்கத்தான் அவர் சேட்டைக் கழற்றினார் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். கிழவர்களில் மூத்தவரான மொரிதா என்பவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கிவிட்டார். அர்ச்சனைக்குச் சம்மதம் கிடைத்ததென்று நினைத்து அப்பாவும் பலமாகத் தலையாட்டினார். தலையாட்டி முடியவில்லை, தோளில் தடி வந்து இருந்தது. அவர் வாசலைக்கூடத் தாண்டவில்லை, "ஐயோ, என்ர இடுப்பு!" என்று அப்படியே குந்திவிட்டார். உடனே லொறிக்காரர் லொறியை ஸ்ராட் பண்ணினார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மொரிதாவின் முகம் செத்துப்போனது. ஒருமுறை லொறியில் ஏறிய சாமி பிறகு தோளுக்கு வராது என்று அவருக்குத் தெரியும்.

நான் அண்ணாவின் கையைச் சுரண்டி, அந்தத் தடியைக் காட்டினேன்.

"என்ன, நீயோ? பொம்பிளைப் பிள்ளையளை விடுவினமோ தெரியாது" என்று போய்க் கேட்டவன், சிரித்துக்கொண்டு திரும்பி வந்தான். "பொம்பிளையோ ஆம்பிளையோ எண்டதில்லையாம். தோள் இருக்கோ எண்டு கேக்கிறார்."

தோள் எனக்கு இருக்கிறது, மாமி. உங்கள் மாவு மூட்டைகள் தந்த தோள்.

மொரிதா "வாஷோய்!" என்று கத்துவார், மற்றவர்கள் திருப்பிக் கத்துவார்கள், அந்தச் சத்தத்துக்குத்தான் கால்கள் சேர்ந்து நடக்கும். நான் வாயை மட்டும் அசைத்தேன். ஒடுக்கமான வரம்புக்கு வந்தபோது மொரிதாவுக்கு மூச்சு வாங்கிச் சத்தம் நின்றுவிட்டது. கால்கள் குழம்பின. அண்ணா இடதுகாலை வைக்க, எனக்கு முன்னால் போனவர் வலதுகாலை வைக்க, சாமி வாய்க்கால் பக்கம் சரிந்தது. யாராவது கத்த வேண்டும். ஒருவருக்கும் மூச்சில்லை. பின்னால் இடுப்பைப் பிடித்தபடி வந்த அப்பா வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அது யாருக்குக் கேட்கப்போகிறது?

"அரோகரா!"

அது நான்தான், மாமி. வயலில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன. கிழவர்கள் ஒரு கணம் திகைத்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து, "வாஷோய்!" கால்கள் ஒன்றாகின, சாமி நிமிர்ந்தது. நான் விடவில்லை. அரோகரா, வாஷோய், அரோகரா, வாஷோய் என்று ஊர் முழுக்க! சனங்கள் வீடுகளை விட்டு வெளியே வந்து கைதட்டினார்கள். லொறி வெறுமையாகப் பின்னால் வந்தது. கடைசியில் அதில் ஏறியது அப்பா மட்டும்தான்.

சாமியை இறக்கியதும் மொரிதா எனக்கு முன்னால் குனிந்து வணங்கி ஏதோ சொன்னார். "அடுத்த வருசத்துக்கும் உன்னைப் புக் பண்ணுறார்" என்றான் அண்ணா. "நீ கத்தினதுக்கு என்ன அர்த்தம் எண்டும் கேட்டவர்."

"என்னெண்டு சொன்னனீ?" என்று லொறிக்குள் படுத்தபடி அப்பா கேட்டார்.

"சாமியை லொறியில ஏத்தாதேங்கோ எண்டு அர்த்தம் எண்டு சொன்னன்."

ஆகவே மாமி, முன்கவுண்டர் எனக்குத்தான். சனிக்கிழமைச் சனத்துக்குள்ளும், "அடுத்தது ஆர்? மட்டன் ரோல்ஸ் எத்தினை?" என்று நான் கேட்டால் காரை நிறுத்திக்கொண்டிருப்பவருக்கும் கேட்கும். திங்கட்கிழமை காலையில் வருகிறேன். மெலிசா பின்னால் நின்று மாவு குழைக்கட்டும். அவளும் நல்ல பிள்ளைதான்.

உங்கள் கடை வாசலில் எந்நாளும் கியூ நிற்க வேண்டும், மாமாவின் முழங்கால் நோ குறைய வேண்டும் என்று பிரார்த்தித்து, உங்கள் இருவரையும் விழுந்து கும்பிடும்,

சாமி தூக்கிய மருமகள்
நிலாணி

பி.கு.: இப்போதைக்கு முன்கவுண்டரில் மெலிசாவையே போடுங்கள். கத்திய கத்தலில் தொண்டை கட்டி, காற்றுத்தான் வருகிறது. ரெலிபோன் எடுக்காமல் கடிதம் எழுதுவதும் அதனால்தான். கொஞ்சக் காலத்துக்கு ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுவரை பின்னால் நின்று ரோல்ஸ் சுற்றுகிறேன். ஆனால் ஒன்று மாமி: என்னைக் கதைக்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னது, நான் பிறந்ததற்கு இதுதான் முதல் தடவை.