‘அதனால?’ அக்கா எழுதிய பயங்கள்

தஞ்சாவூர் ஜில்லாவில் அதிகம் பேரைத் தூங்கவிடாமல் செய்தவர் யார் என்று கேட்டால், பேய் பிசாசையெல்லாம் தள்ளிவிட்டு நான் ‘அதனால’ அக்காவைத்தான் சொல்வேன்.

கீழவாசல் பக்கம் நாங்கள் இருவரும் வேலை பார்த்த விளம்பர ஆபீசில், நோட்டீசும் ஆட்டோவில் ஒலிபரப்பும் வாசகமும் எழுதுவது அக்காதான். கடைக்காரர் தன் சரக்கின் பெருமையைச் சொல்லச் சொல்ல, “அதனால?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கேஸ் டியூப் விற்க வந்தவர், உள்ளே கம்பி இருக்கிறது என்றார். அதனால? எலி கடிக்காது. அதனால? அவர் யோசித்துவிட்டு, வீடு எரியாது என்றார். அக்கா எழுதினாள்: ‘உங்கள் வீட்டு எலிக்கு இன்று பசி.’

அதைப் படித்து முதலில் பயந்தவளும் அவளே. புது டியூப் மாட்டும்வரை வீட்டில் அடுப்பே பற்றவைக்காமல் மெஸ்ஸில் சாப்பிட்டாள்.

ஒருநாள் ஒரத்தநாட்டுக் கடைக்காரர் ஒருவர் செல்போன் ஸ்டார்ட்டரோடு வந்தார். வீட்டிலிருந்து போன் போட்டால் வயலில் மோட்டார் ஓடுமாம். அதனால? இருட்டில் வரப்பில் நடக்க வேண்டாம். அதனால? அவர் குரலைத் தாழ்த்தி, “பாம்பு கெடக்குங்க” என்றார். அக்கா இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதினாள்: ‘மோட்டார் போடப் போனவர் இன்னும் வரவில்லையா?’

ஆட்டோ ஊர் ஊராக இதைக் கத்திக்கொண்டு போனது. பெண்கள் புருஷன்மாரின் டார்ச் லைட்டை ஒளித்து வைத்தார்கள். நாற்றங்கால் காய்கிறது என்று ஒருவர் ஆபீசுக்கே சண்டைக்கு வந்தார். ஸ்டார்ட்டர் கடையில் தீர்ந்துபோனது.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டாள். மோட்டார் போடப் போன அப்பா இன்னும் வரவில்லை; போனை எடுக்கவில்லை. காலையில்தான் ஆட்டோ எங்கள் தெருவுக்கும் வந்துபோயிருக்கிறது. கிளம்பிய அவசரத்தில் ஸ்கூட்டர் சாவியைக் கீழே போட்டுவிட்டேன். மண்புழுவைக் கண்டாலே அலறும் அக்கா சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

“வண்டிய எடுடி. நானும் வர்றேன்.”

நாங்கள் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. வரப்பில் அவள் முன்னால் நடந்தாள். அடிக்கு ஒருதரம் குடையால் தரையைத் தட்டினாள்; ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டாள். என் கையைப் பிடித்திருந்த அவள் கை ஜில்லிட்டிருந்தது.

மோட்டார் கொட்டகை வாசலில் அப்பா மல்லாந்து கிடந்தார். அசையவில்லை. அக்கா குனிந்து அவர் தோளைத் தொட்டாள்.

“ஐயா.”

அப்பா எழுந்து உட்கார்ந்து, “கரண்டு வந்துடுச்சா?” என்றார். காத்திருந்தவர் கண்ணசந்துவிட்டார். போனில் சார்ஜ் இல்லை.

அக்கா அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் அப்பா அவளுக்குத் தன் துண்டைக் கொடுத்தார்.

மறுநாள் பழைய வாசகத்தை நிறுத்திவிட்டுப் புதிதாக எழுதினாள்: ‘மோட்டார் வயலில் ஓடுது. அப்பா வீட்டில் சாப்பிடுறார்.’ இதில் காரமே இல்லையே என்று கடைக்காரர் குறைப்பட்டுக்கொண்டார்.

“இதுக்கு மேல என்னால பயப்பட முடியாதுங்க” என்றாள் அக்கா.

இப்போது எங்கள் வயலிலும் ஸ்டார்ட்டர் இருக்கிறது. இருந்தாலும் மழை பிடித்த நாட்களில் அப்பா பொழுது சாயும் முன்னே ஒரு போன் போடுகிறார். எனக்கு இல்லை, அக்காவுக்கு.

“வீட்லதாம்மா இருக்கேன். நீ சாப்பிட்டுட்டுத் தூங்கு.”