தூக்குப்போசியும் தேங்காய் பன்னும்

செல்வக்குமார் கட்டிங் மாஸ்டர். பனியன் துணியை எத்தனை அடுக்கு போட்டுக் கொடுத்தாலும் நூல் பிசகாமல் வெட்டுவார். அந்தக் கை ஆறு மாதமாகக் காலையில் மடங்க மறுத்தது. பேஸ்ட் மூடியைத் திறப்பதே மல்யுத்தமாகிவிட்டது.

"முடக்குவாதம்" என்றார் டாக்டர். விழித்தவரிடம் அவர் தொழிலை வைத்தே விளக்கினார். "உங்க உடம்புல செக்கிங் செக்‌ஷன் கெட்டுப்போச்சுங்க. நல்ல மூட்டுகளையே டேமேஜ்னு நெனைச்சுத் தாக்குது. அந்தச் செக்கரைப் பழக்கறதுல குடல்ல இருக்கற பாக்டீரியாவுக்கும் பங்கு இருக்கறதா ஆராய்ச்சில சொல்றாங்க. மாத்திரைய விடாதீங்க. அதுகளுக்கும் நல்ல தீனி போடுங்க. பேக்கரியக் குறைங்க."

கூட வந்திருந்த மனைவி கோமளாவுக்குக் கடைசி வாக்கியம் போதுமானதாக இருந்தது. மறுநாளே தூக்குப்போசி நிறையக் கம்மங்கூழ், மோர், சின்ன வெங்காயம்.

"என்ன அம்மிணி இது?"

"உங்களுக்கில்லீங்க. உங்க வவுத்துல குடியிருக்கறவங்களுக்கு."

கூழ் மேல் அவருக்குக் கோபமில்லை. கம்பெனிக்குப் பக்கத்து ஆத்தப்பன் பேக்கரியை விடத்தான் மனசில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரே கம்பெனியில் அவர் கட்டிங், கோமளா செக்கிங். ஷிப்ட் முடிந்ததும் அந்தப் பேக்கரியில் ரெண்டு டீ, ஒரு தேங்காய் பன். கோமளாதான் பன்னைப் பிய்ப்பாள். பெரிய பாதியை அவரிடம் நீட்டுவாள். கட்டினால் இவளைத்தான் என்று அந்தப் பெரிய பாதியைப் பார்த்துத்தான் முடிவு செய்தார். அப்பேர்ப்பட்ட பன்னைக் கண்ணுக்குத் தெரியாத கிருமிக்காக விடுவதா?

பக்கத்து டேபிள் வீரணன் பனைமரச் சீமையான சாயல்குடிக்காரர். கூழென்றால் உயிர். போசி அவரிடம் போனது, செல்வக்குமார் பேக்கரிக்குப் போனார். சாயங்காலம் கழுவி மூடி வந்த போசியை அப்படியே வீட்டில் வைத்தார்.

"கூழ் எப்படிங்க?"

"அமிர்தம் அம்மிணி!"

இரண்டாவது வாரம் ஓர் அதிசயம். பன்னில் அந்தக் காலத்து ருசி! ஆத்தப்பனின் அப்பா ராத்திரியே மாவு பிசைந்து புளிக்க வைப்பாரே, அதே லேசான புளிப்பு, அதே பழுப்பு. தேங்காய்தான் அப்போது இவ்வளவு இருந்ததாக நினைவில்லை. கண் கலங்கிவிட்டது. தலையில் பனியன் பஞ்சு ஒட்டிய இருபது வயதுக் கோமளா எதிரே உட்கார்ந்திருப்பது போலிருந்தது. அவளுக்கும் ஒன்று வாங்கிப்போக ஆசை. வாங்கினால் குட்டு வெளிப்படும். அந்த ஏக்கத்தில் இன்னொரு பன் தின்றார்.

மூன்று மாதத்தில் விரல் வீக்கம் வடிந்தது. "மாத்திரை கேக்குதுங்க. சாப்பாடும் கைகுடுத்திருக்கலாம். ரெண்டையும் விட்டுடாதீங்க" என்றார் டாக்டர்.

வீடு வந்ததும் செல்வக்குமாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உன்ற கூழ நான் தொட்டதே இல்ல. தெனமும் பன்னுதான் தின்னேன்!"

கோமளா பதறவில்லை. ஒரு டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே கருப்பட்டித் துண்டுகள்.

"வெறும் பாத்திரத்தத் திருப்பிக் குடுக்கக்கூடாதுன்னு வீரணண்ணன் தெனமும் ஒரு துண்டு போட்டு உட்டிருக்காருங்க. ஒரு நாளாச்சும் தொறந்து பாத்தீங்களா? உங்க கம்பெனில கருப்பட்டிக்காரர் யாருன்னு எனக்குத் தெரியாதுங்களா? மொத நாளே தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏம்புள்ள கேக்கல?"

"கேட்டா வேற கடைக்குப் போவீங்க. அதான் ஆத்தப்பண்ணங்கிட்டச் சொல்லி, கம்புமாவும் முழுக்கோதுமையும் நானே பிசைஞ்சு, புளிக்க வெச்சுக் குடுத்தேன். உங்களுக்கு மட்டும் தனியாச் சுட்டாருங்க. இனிப்புக்கு இந்தக் கருப்பட்டி."

"அப்ப அந்தப் பழைய ருசி?"

"எங் கைதானுங்க."

அடுக்களையிலிருந்து ஒரு பன் வந்தது. கோமளா பிய்த்து, பெரிய பாதியை நீட்டினாள். தோற்றது கூட அவருக்கு இனித்தது.

"இருபத்தாறு வருசமா பெரிய பாதிய எனக்கே குடுக்கறியே, கோமளா!"

"ஆமாங்க" என்று அவள் தன் பாதியைக் கடித்தாள். "தேங்காய் பூராவும் சின்ன பாதிலதானுங்க இருக்கும்."