தோற்ற பாயிண்டுக்கு ஒரு ஜெபமாலை

சேசு மரி சூசை துணை

வரதராஜன்பேட்டை,
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மகன் பெனடிக்டுக்கு,

அப்பா சின்னப்பராஜ் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நான் சுகம், ஆடுகள் சுகம். உன் அம்மாவின் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லலாம் என்றால் அவள் பிடுங்கி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். போதாக்குறைக்கு, கஜகஸ்தானில் தோற்றதிலிருந்து நீ போனையே எடுப்பதில்லை. அதனால் உன் பெங்களூர் அறைக்கு எழுதுகிறேன். ஊர் சுற்றி வந்து கதவைத் திறக்கும்போது இது உன் காலடியில் கிடக்கட்டும்.

முதலில் அங்கமுத்து விஷயம். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலைக்குப் போகிற நம் பக்கத்து வீட்டு அங்கமுத்துதான். பையன் டி.வி.யில் எப்போது வருவான் என்று பார்க்கிற போதெல்லாம் கேட்கிறான். டி.வி.யில் வருவது பெரிய டென்னிஸ் போட்டிகள், பெனடிக்ட் ஆடுவது அதற்கு ஒரு படி கீழே, சேலஞ்சர் என்று பெயர், அதற்கும் கீழே இன்னொரு படி இருக்கிறது, விரைவு பஸ்ஸுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவில் ஓடும் மொபசல் பஸ் மாதிரி என்று விளக்கினேன். அவன் நன்றாக யோசித்துவிட்டு, "அப்ப எல்லா ஊர்லயும் நின்னு நின்னு போவும்னு சொல்லுங்க" என்றான். உன் பாஸ்போர்ட்டைப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பில்லை.

டி.வி.யில் வராவிட்டாலும் போனில் வருகிறாயே, அங்கேதான் வினை. உன் அம்மா உள்ளே முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டே அவள் போனில் உன் ஆட்டத்தைப் படமாகப் பார்ப்பாள். நீ ஓடுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது, எண்ணாகப் பார்த்தால் தாங்குவேன். ஆகவே நான் வாசலில் நின்று என் போனில் ஸ்கோர் மட்டும் பார்ப்பேன். இப்படிப் பார்க்கும்போது ஒரு நாள்தான் கவனித்தேன்: ஸ்கோர் முந்தி வருகிறது, படம் அரை நிமிஷம் பிந்தி வருகிறது. வெளியே எனக்கு நீ பாயிண்டை விட்டது தெரிந்துவிட்டது, உள்ளே அவளுக்கு நீ இன்னும் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு நிற்கிறாய், அவள் ஜெபமாலையை எடுத்து "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பிக்கிறாள். போன பாயிண்டுக்கு ஜெபம்! அது செல்லுமா செல்லாதா என்று எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் போய், பங்குச் சாமியாரிடமே கேட்டேன். "ஆண்டவருக்கு நெட்வொர்க் பிரச்சினை எல்லாம் இல்ல வாத்தியாரே" என்று சொல்லிவிட்டு அவர் டி.வி.எஸ்.ஸைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஜெபத்துக்கு வலிமை இல்லை என்றும் சொல்வதற்கில்லை. போன மாதம் அந்த இத்தாலிக்காரப் பையனோடு ஆடினாயே, இருவரும் வெள்ளைத் தொப்பி, ஒரே ஒரு கேமராவும் எங்கோ உச்சியில் இருக்கிறது. நீங்கள் பக்கம் மாறியதைக் கவனிக்காமல் உன் அம்மா ஒரு செட் முழுக்க அவனுக்காக ஜெபித்திருக்கிறாள். அவன் அந்த செட்டை ஜெயித்தான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவளோ, அந்தப் பிள்ளைக்கும் ஓர் அம்மா இருப்பாள், விடுங்கள் என்று அடுத்த கொட்டையை எடுத்துவிட்டாள்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. கஜகஸ்தான் சிரிக்கிற கதை இல்லை. போவதற்கு முன்பு நீ சொன்னது இரண்டு பேர் மனத்திலும் இருந்தது: "இந்த வாட்டியும் முதல் ரவுண்டுல தோத்துட்டா, எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடறேன்ப்பா." அதே முதல் ரவுண்டு, கடைசியான மூன்றாவது செட், டை-பிரேக். என் போனில் ஆட்டம் முடிந்துவிட்டது. உள்ளே அவள் போனில் நீ இன்னும் தோற்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாய் போலிருக்கிறது, அவள் ஜெபிக்கும் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே போய்ச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை. உலகத்திலேயே அந்த ஓர் அறையில் மட்டும் நீ இன்னும் ஆடிக்கொண்டிருந்தாய், அதை நான் போய் ஏன் கெடுப்பது? கொஞ்ச நேரத்தில் குரல் நின்றது. வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல், ஆட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று கேட்டாள்.

மகனே, உன் அம்மாவின் நெஞ்சு இதை இனியும் தாங்காது. ஆகவே சொன்னபடி வந்துவிடு. பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் டென்னிஸ் கோர்ட் கட்டி, சொல்லித்தர ஆள் இல்லாமல் அதில் பள்ளி வேனை நிறுத்துகிறார்கள். நீ வந்தால் வேனை எடுத்துவிடுவதாகத் தாளாளர் மணிவண்ணன் சார் வாக்குக் கொடுத்திருக்கிறார். வீட்டுச் சோறு, நம்ம ஊர் வெயில், ஞாயிற்றுக்கிழமை பூசை. அம்மாவுக்காகத்தான் சொல்கிறேன், எனக்கு ஒன்றுமில்லை.

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா உன்னையும், உன் வலது முழங்காலையும் காப்பாளாக.

உன் அன்பு அப்பா,
சின்னப்பராஜ்

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் உன் அம்மா இதைப் படித்துவிட்டாள். படித்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஸ்கோரு எனக்கு என்னைக்குத் தெரியாம இருந்துச்சு? பாயிண்டு வந்தா வாசல்ல தொண்டயக் கனைப்பீங்க, போனா செருப்பத் தேய்ப்பீங்க. அன்னைக்கு வார் அறுந்துபோற மாதிரி தேய்ச்சீங்க." பிறகு எதற்கடி ஜெபம் என்று கேட்டேன். "பாயிண்டுக்கு யாரு ஜெபம் பண்ணுனா? புள்ள அவ்ளோ பெரிய எடத்துல ஒண்டியா நிக்கிறானேன்னு பண்ணேன்" என்றாள். நெஞ்சு தாங்காதவர் யார் என்று அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அந்த மட்டில் புண்ணியவதி.

ஆகையால் மேலே எழுதியதில் சோற்றையும் முழங்காலையும் தவிர மற்றதை எழுதாததாக நினைத்துக்கொள். விடுவதும் ஆடுவதும் உன் மனசு, எங்களுக்காக விடாதே. அடுத்த ஆட்டம் எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல். இனி நானும் உள்ளே உட்கார்ந்து படமே பார்ப்பதாக ஏற்பாடு. மணிவண்ணன் சாரிடம் சொல்லிவிட்டேன். வேன் அங்கேயே நிற்கட்டும்.