உப்பு தானே வரும்

முழுப் புத்தகம் படித்துக் கெட்டுப்போனவர்களை எனக்குத் தெரியும். புத்தகத்தையே தொடாமல் கெட்டுப்போனவர்களையும் தெரியும். பாதிப் புத்தகம் படித்துக் கெட்டுப்போனவன், நானறிய, நான் ஒருவன்தான். பாதி என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தில் முன்பக்கத்து நாற்பது தாள்கள் நிஜமாகவே கிடையாது.

இலங்கை மலைநாட்டில், பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் காலையில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் பெரிய படிப்பாளி என்ற நினைப்பில் திரிந்துகொண்டிருந்தேன். (அந்த நினைப்பு எனக்கு மட்டும்தான் இருந்தது.) அப்பா அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவது அவர் வேலை. ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தின் கடைசியில் எங்களுக்கு இரண்டு அறையும் ஓர் அடுப்படியும் இருந்தன.

பதுளைக் கடைவீதியில் காசிம் நானாவின் மளிகைக் கடைக்குப் போனபோதுதான் அந்தப் புத்தகம் கண்ணில் பட்டது. சாமான் சுற்றிக் கொடுக்கும் பழைய தாள்களுக்கு நடுவே, அட்டை இல்லாமல், தராசுக்குப் பக்கத்தில் கிடந்தது. புரட்டிப் பார்த்தேன். வாயு, திராவகம், அணு என்று என்னென்னவோ எழுதியிருந்தது. இரசாயன நூல்!

"நானா, இதுல முன்பக்கத்தையெல்லாம் காணோமே?"

"அது கொச்சிக்காத் தூளுக்குப் போயிட்டு தம்பி. மிச்சம் வேணுமெண்டா எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு வந்தீங்கெண்டா அதுவும் இரிக்காது."

கொச்சிக்காய் என்பது எங்கள் பக்கத்தில் மிளகாய்க்குப் பேர். அந்த நாற்பது தாளும் மிளகாய்த் தூளைச் சுமந்துகொண்டு ஊவா மாகாணம் முழுக்கப் போயிருந்தன என்பதில் பின்னால் எனக்கு வந்த துன்பம் அத்தனையும் அடங்கியிருந்தது. அப்போது தெரியவில்லை. தங்கம் கிடைத்தவன் மாதிரி வீட்டுக்கு ஓடினேன்.

அம்மாவுக்கு அந்தப் புத்தகம் ஆரம்பத்திலிருந்தே பிடிபடவில்லை.

"ரசம் வைக்கிறதுக்குமா பொஸ்தகம் போட்டிருக்கான்?"

"ரசம் இல்லம்மா, ரசாயனம்."

"அது என்ன, பெரிய ரசமா?"

அம்மாவை மன்னித்துவிட்டு அக்காவைப் பிடித்துக்கொண்டேன். அக்கா பேர் செல்லம்மா, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கொழுந்து பறித்துக் களைத்து வருகிறவளை உட்காரவைத்து அணுக்களைப் பற்றிப் பிரசங்கம் செய்வேன். ஒவ்வோர் அணுவுக்கும் கைகள் உண்டு. கையோடு கை கோத்துக்கொண்டால்தான் ஒரு பொருள் உண்டாகும். பிராணவாயுவுக்கு இரண்டு கை, ஜலவாயுவுக்கு ஒரு கை. அதனால் ஒரு பிராணவாயு இந்தப் பக்கம் ஒரு ஜலவாயுவையும் அந்தப் பக்கம் ஒரு ஜலவாயுவையும் பிடித்துக்கொள்ள, அது தண்ணீர்.

"கதிர்காமத்து முருகன் வள்ளி தெய்வானையோட நிக்கிற மாதிரி," என்றாள் அக்கா.

"அப்படியேதான்!"

"இதைச் சொல்றதுக்கா இம்புட்டு நேரம்? போயி அந்த முருகனையும் ரெண்டு பொண்டாட்டியையும் கொடத்துல மொண்டுட்டு வா. அடுப்படியில தண்ணி இல்ல."

அப்படி இருந்தது எங்கள் வீட்டில் விஞ்ஞானத்துக்கு மரியாதை.

இந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மருந்து கலக்கிக் கொடுக்கிறவர். பேர் சிவசாமி. முந்தின வருஷம் எங்கள் லயத்துக்கு அம்மை குத்த வந்திருந்தார். ஊசிக்குப் பயந்து ஆம்பிளைகளே தேயிலைக்குள் ஒளிந்துகொண்டபோது அக்கா மட்டும் நேரே போய்க் கையை நீட்டினாளாம். அன்று முதல் அந்தத் தழும்பை அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு முன்னால் வந்த இரண்டு வரன்களும் எதெதற்கோ தட்டிப்போயிருந்தன. அப்போதெல்லாம் கவலைப்படாதவள், இந்த முறை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"தம்பி, இது மட்டும் தட்டிப்போச்சுன்னா நான் யாருக்கும் கழுத்தை நீட்ட மாட்டேன். நீ அன்னைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இரு. உன் அணுவெல்லாம் ஒரு நாளைக்கு லீவுல போகட்டும்."

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கைதான் சும்மா இருக்கவில்லை.

எங்கள் சனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள், சம்மதம் என்றால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் சம்பந்தம் முடிந்ததாக அர்த்தம். பாதியில் எழுந்துவிட்டால் அதோடு சரி, மறுபேச்சுக் கிடையாது. ஆகவே அன்று அம்மாவுக்கு இருந்த பதற்றத்தைக் கேட்கவேண்டாம். கத்தரிக்காய்ப் புளிக்குழம்புக்கு ஒரு தரம் புளி கரைத்து ஊற்றினாள். ஊற்றினோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொரு தரம் ஊற்றினாள். குழம்பு கொதிக்கும்போது வாசலில் மாட்டு வண்டிச் சத்தம் கேட்டது.

"ஐயோ, வந்துட்டாங்க! டேய், கொழம்பைப் பாத்துக்க. உப்பு மட்டும் போடல. அளவாப் போட்டு எறக்கிரு!"

அம்மா ஓடிவிட்டாள். உள்ளறையில் அக்கா சேலை கட்டிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் நானும் குழம்பும் மட்டும்.

ஒரு துளி எடுத்து நாக்கில் விட்டேன். புளிப்பில் கண் இரண்டும் தானாக மூடிக்கொண்டன. இதைச் சாப்பிட்டால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிடுவார்கள், அக்கா கல்யாணம் போய்விடும். அப்போதுதான் புத்தகத்தின் நூற்றிரண்டாம் பக்கம் கண்முன்னால் வந்து நின்றது. "புளிப்புப் பொருளும் காரப் பொருளும் தக்க அளவிற் கூடின், ஒன்றன் குணத்தை மற்றொன்று அழித்து, உப்பும் நீரும் ஆகும்."

உடம்பெல்லாம் புல்லரித்தது. புளிப்பு இருக்கிறது, காரம் மிளகாய்த் தூள் பானையில் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் தீர்ந்தது கவலை! அதுமட்டுமா? உப்பு வேறு தானே வரும். அம்மா சொன்னபடி உப்பையும் போட்டிருந்தால் இரட்டிப்பு உப்பாகியிருக்குமே, நல்லவேளை என்று உப்புச் சாடியை எட்ட நகர்த்தி வைத்தேன். (கடவுள் சில பேருக்கு ஆபத்தை அனுப்பும்போது கூடவே தைரியத்தையும் அனுப்பிவிடுகிறார்.)

ஒரு கை மிளகாய்த் தூளைப் போட்டுக் கிண்டி ருசி பார்த்தேன். புளிப்பு அப்படியே இருந்தது. கூடவே காரமும் இருந்தது. இரண்டும் இன்னும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்று முடிவு செய்தேன். சூடு கொடுத்தால் வினை விரைவாக நடக்கும் என்று புத்தகம் சொல்லியிருந்ததால் விறகை உள்ளே தள்ளினேன். இன்னொரு கை போட்டேன். "தக்க அளவு" என்றால் எவ்வளவு என்று விளக்கும் தாள் கொச்சிக்காயோடு போய்விட்டிருந்ததால், மூன்றாவது கையும் போட்டேன். இந்தத் தடவை ருசி பார்த்தபோது எனக்கு நாக்கே இல்லாத மாதிரி இருந்தது. புளிப்புத் தெரியவில்லை, காரம் தெரியவில்லை, ஒன்றுமே தெரியவில்லை. வினை முடிந்துவிட்டது என்று சந்தோஷமாகக் குழம்பை இறக்கினேன்.

முன்னறையில் எல்லாம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குத் தாய் தகப்பன் இல்லை. அவரை வளர்த்த அத்தைதான் கூட வந்திருந்தார். கனத்த சரீரம், கனத்த குரல். அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொண்ணு லச்சணமாத்தான் இருக்கு. எலையைப் போடுங்க," என்று அவர் சொன்னதும் அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இலை போட்டார்கள். நான் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தேன். அம்மா பரிமாறிக்கொண்டே, "எல்லாம் எம்பொண்ணு கையாலயே வச்சதுங்க," என்று ஒரு பொய்யையும் பரிமாறினாள்.

அத்தை ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். மெல்லவில்லை, விழுங்கவில்லை. முகம் மெதுவாகச் சிவந்து, காதுவரை சிவந்து, பிறகு ஒரு செம்புத் தண்ணீர் முழுவதும் உள்ளே போனது.

"அடி ஆத்தே! இது கொழம்பா, கொள்ளிக்கட்டையா? ஒரு கல்லு உப்பு இல்ல! இந்தக் கையாலயா எம்புள்ளைக்குக் காலம்பூரா ஆக்கிப்போடப் போகுது?"

கதவுக்குப் பின்னால் அக்காவின் முகம் தெரிந்தது. அவள் என்னைத்தான் பார்த்தாள். எனக்கு அப்படியே மலையேறி வெலிமடைப் பக்கம் ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அவள் கை அந்த அம்மைத் தழும்பின்மேல் இருந்தது. அதைப் பார்த்தபிறகு ஓட முடியவில்லை.

"அக்கா வைக்கலைங்க. நான்தான்," என்றேன்.

மாப்பிள்ளை நிமிர்ந்தார். அவரும் ஒரு கவளம் சாப்பிட்டிருந்தார் என்பது கன்னத்தில் ஓடிய கண்ணீரில் தெரிந்தது. ஆனாலும் குரல் அமைதியாகவே வந்தது.

"உப்பு ஏன் தம்பி போடல?"

"தானே வருமுங்க."

"எங்கேருந்து வரும்?"

நூற்றிரண்டாம் பக்கத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "காரப் பொருள்னா என்னன்னு நெனைச்ச?" என்றார்.

"கொச்சிக்காங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின.

"ஏன்டா அழுவுற?" என்றார் அத்தை.

"அழுவல அத்தை." கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நாக்குல உறைக்கிற காரம் வேற, அந்தக் காரம் வேற தம்பி. சாம்பத் தண்ணி, சுண்ணாம்பு, அப்பச்சோடா, இதுகளுக்குத்தான் அந்தப் பேரு. சவுக்காரம்னு சொல்றோமே, அதுல இருக்கிற காரம்."

சவுக்காரம்! வாரம் தவறாமல் அதைப் போட்டுத் தேய்த்துக் குளித்தவன் நான். அதில் கொச்சிக்காய் இல்லை என்பது ஒரு நாளும் எனக்கு உறைத்ததில்லை. ஆனால் ஒரு நல்ல மாணவன் தவறு தெரிந்ததும் உடனே திருத்திக்கொள்ளவேண்டும் அல்லவா? அப்பச்சோடா டப்பா அடுப்படி மாடத்தில் இருந்தது. யாரும் தடுக்குமுன் ஓடிப்போய் எடுத்துவந்து அப்படியே சட்டிக்குள் கவிழ்த்தேன்.

குழம்பு ஒரு நொடி யோசித்தது. பிறகு புஸ்ஸென்று சீறிப் பொங்கி எழுந்தது. சட்டியின் விளிம்பைத் தாண்டியது, தரையில் இறங்கியது, பாதை தெரிந்த மாதிரி நேரே அத்தையின் இலைக்குப் போனது. நுரைமேல் ஒரு கத்தரிக்காய்த் துண்டு மிதந்து போய் அவர் புதுச்சேலையின் கரையில் ஒதுங்கியது. அத்தை அலறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

எழுந்துவிட்டார்! அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அதற்கு அர்த்தம் தெரியும். "முருகா," என்று அப்பா சுவரில் சாய்ந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நுரை அடங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு. கல்யாணம் போன துக்கத்தில் அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

மாப்பிள்ளை கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு அகப்பையை எடுத்து, மிச்சமிருந்த குழம்பைத் தன் சோற்றில் தானே ஊற்றிக்கொண்டார். பிசைந்தார். சாப்பிட்டார்.

"இப்பப் புளிப்பு அடங்கிருச்சு மச்சான். உப்பும் வந்திருக்கு. ஆனா அது திங்கிற உப்பு இல்ல. திங்கிற உப்பு கொஞ்சம் கொண்டா."

அந்த "மச்சான்" முதலில் என் காதில் விழவில்லை. அத்தையின் காதில் விழுந்தது.

"மச்சானா? யாருக்கு யாருடா மச்சான்? நான்தான் எலையை விட்டு எந்திரிச்சிட்டேனே!"

"நான் எந்திரிக்கலையே அத்தை," என்றார் அவர்.

அத்தை அவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், சேலையில் இருந்த கத்தரிக்காயைத் தட்டிவிட்டார். "வேற எலை போடுங்க. கொழம்பு வேணாம். மோரு ஊத்துங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். நான் உப்புச் சாடியோடு அடுப்படிக்குள்ளேயே நின்று கொஞ்ச நேரம் அழுதேன். மிளகாய்க் கண்ணீர் என்று அக்காவிடம் சொன்னேன்.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. மச்சான் என்னைத் தன் மருந்துச் சாலைக்குக் கூட்டிப்போய், முழுப் புத்தகம் ஒன்று வாங்கி, முதல் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கு நானும் மருந்து கலக்கிக் கொடுக்கிறவன்தான். இதுவரை யாரும் எழுந்து ஓடவில்லை. அன்று அந்தக் குழம்பை எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று ஒருமுறை அவரைக் கேட்டேன். "உங்கக்கா சிரிச்ச சிரிப்பைக் கேட்டுட்டு எப்படிடா எந்திரிச்சுப் போறது?" என்றார்.

அத்தைதான் மறக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும், சாப்பிட உட்காருமுன் முந்தானை முடிச்சை அவிழ்த்து, தாளில் மடித்த உப்புப் பொட்டலத்தை எடுத்து இலை ஓரத்தில் வைத்துக்கொள்வார். என் கல்யாணத்துக்கு வந்தவர், மொய் எழுதுகிற இடத்துக்குப் போகாமல் நேரே மணவறைக்கு வந்து, என் மனைவியின் கையில் அதே மாதிரி ஒரு பொட்டலத்தை வைத்து அழுத்தினார்.

"இதைப் பத்திரமா வச்சுக்க ஆத்தா. இவன் தானே வரும்னு சொல்லுவான். நம்பாத."

அவள் நம்பவே இல்லை. இன்றைக்கும் நான் அடுப்படிக்குள் காலை வைத்தால், என் மனைவி முதலில் உப்புச் சாடியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டுதான், "என்ன வேணும்?" என்று கேட்கிறாள்.